தும்மல் சட்டம்

"தும்முனது யாரு?"

லைன் லீடர் வனமாமலையின் குரல் கேட்டதும் பன்னிரண்டு பெண்களின் கைகளும் ஒயரோடு அப்படியே நின்றன.

"நான்தான் சார். ஒரே ஒரு தும்மல். தூசி சார்," என்றாள் சுகப்பிரியா.

"மூக்கு ஒழுகுதுல்லா, அதுவும் தூசியா? கையுறையைக் கழட்டு. சளி போன பெறவு வந்தா போதும்."

"சார், மாசக் கடைசி சார். இன்னும் ரெண்டே நாள். இன்னிக்கு அனுப்புனா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிரும் சார்."

"போனா போவட்டும். கெளம்பு."

சுகப்பிரியா அழுதுகொண்டே போனாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்துவிடுவதுதான் எல்லா லைனிலும் வழக்கம். ஆள் வந்து நின்றால் போதும், எந்த லீடரும் கண்டுகொள்ள மாட்டார். இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் எட்டு மாதமாக இப்படியொரு கிறுக்கு. தும்மினால் வெளியே, இருமினால் வெளியே.

வரிசையின் கடைசியில், ஜன்னலோரம் நின்றிருந்த மாரிசெல்வி தலையை நிமிர்த்தவே இல்லை. சுகப்பிரியாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து வெட்கம் வேறு.

அவள் வயிற்றில் இருப்பது அம்மாவின் கிட்னி. உடம்பு அதை ஏற்காமல் சண்டை போடக் கூடாது என்பதற்காக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும் மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு, தவறவே கூடாது. "மத்தவங்களுக்கு மூணு நாள் சளி. உனக்கு அதுவே ஐ.சி.யூ. வரைக்கும் போகும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

வேலையில் சேரும்போது பாரத்தில் 'ஆபரேஷன் எதுவும் இல்லை' என்று எளிதாக எழுதிவிட்டாள். உண்மை தெரிந்தால் ஒரு கான்ட்ராக்ட் ஆளை வைத்துக்கொள்வார்களா? மாஸ்க் எதற்கு என்று கேட்டவர்களிடம் தூசி அலர்ஜி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீனில் கோவிந்தம்மா ஒரு தாளை நீட்டினாள். லைனில் அவள்தான் சீனியர், உள்ளூர்க்காரி.

"இந்தாள இதுக்கு மேல வுடக் கூடாதும்மே. லைன மாத்தச் சொல்லி எச்.ஆருக்கு மனு எழுதியாச்சு. அல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி."

"அக்கா... நாளைக்குப் போடுதேனே."

"இன்னாத்துக்கு நாளைக்கி? உன்க்கு மட்டும் ஜன்னலோர எடம். டெய்லி எட்டு மணிக்கு மாத்து ஆளு போட்டு உன்னத்தான் மொதல்ல பிரேக்குக்கு வுடறான். இன்னா மேட்டரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாரிசெல்வி தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இந்த மனுஷன் போய்விட்டால் நாளையிலிருந்து லைன் முழுக்க இருமல்தான். கையெழுத்துப் போடாவிட்டாலோ துருவித் துருவிக் கேட்டே உண்மையைப் பிடுங்கிவிடுவார்கள்.

கோழைத்தனம்தான், வேறென்ன? கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அதன் பிறகு நாலு நாள் சோறே இறங்கவில்லை. ஐந்தாம் நாள் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. வனமாமலையை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று புது லீடர். காலை ஷிப்ட் தொடங்கி ஏழு மணிக்குள் லைனில் மூன்று பேர் இருமியாயிற்று. யாரும் யாரையும் அனுப்பவில்லை. மாரிசெல்வி மாஸ்க்கை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

மணி எட்டு. மாற்று ஆள் வரவில்லை. எட்டு ஐந்து. எட்டு பத்து. லைனை விட்டு நகரவும் முடியாது. கண் கடிகாரத்திலேயே இருந்ததில், ஒரு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டாள்.

"தள்ளு. நான் நிக்கேன்."

பக்கத்தில் வனமாமலை. லாக்கரைக் காலி செய்ய வந்தவர் கையில் டிபன் பாக்ஸும் பழைய செருப்பும் இருந்தன. அவற்றை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு ஒயரை வாங்கிக்கொண்டார்.

"எட்டேகால் ஆவப் போவுது. இன்னும் போடலியா?"

"எ... என்னது சார்?"

"மாத்திரை."

மாத்திரை இருந்த பையை அவள் பொத்திக்கொண்டாள்.

"சேந்த வாரமே தண்ணிக் குழாய்கிட்ட காலி அட்டைய போட்டிருந்தே. குப்பை போடாதன்னு சத்தம் போட்டேனே, மறந்துட்டியா? என் தங்கச்சி தின்ன மாத்திரைல்லா அது. அவளுக்கும் கிட்னிதான் மாத்துனோம். கல்யாண வீட்டுல யார்கிட்டயோ ஒட்டுன சளி, நெஞ்சுல இறங்கி... பத்தே நாள்தான்."

அவள் சேர்ந்தும் எட்டு மாதம்தான் ஆகிறது. மாரிசெல்விக்கு இப்போதுதான் உறைத்தது.

"புது லீடர்கிட்ட உனக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன். நாளையிலருந்து எட்டு மணிக்கு விட்டுருவான். மாஸ்க்க மட்டும் கழட்டிராத. போ, சீக்கிரம்."

அவள் நகரவில்லை. இத்தனை நாளும் 'சார்' என்று கூப்பிட்ட வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"அண்ணாச்சி... அந்த மனுவுல நானும் கையெழுத்து..."

"எச்.ஆர்ல காட்டுனாவ, பாத்தேன்," என்றார் அவர், ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதைப் பாத்த பெறவுதான் எனக்கு உசிரே வந்துச்சு. நீ ஒருத்தி மட்டும் போடலன்னா, ஏன்னு கேட்டு உன்னையில்லா தோண்டியிருப்பாவ?"