இரண்டாவது குழு

தொலைபேசியைக் காதில் வைத்தபடி நான் ஒன்றாம் வகுப்பு ஜெர்மன் அறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.

பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் டீச்சர் மார்லிஸ் டோல்மன் ஒரு பையனின் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் யூட்டா மாநிலத்தில் பிப்ரவரி மாதத்துக் காய்ந்த காற்றுக்கு, நாளொன்றுக்கு ஒரு மூக்காவது ரத்தம் கொட்டாமல் இருக்காது.

“சீக்கிரம் கேளுங்கம்மா, அடுத்த பேரு காத்துக்கிட்டு இருக்கு” என்றாள் காதுக்குள் இருந்த பெண், பயிற்சி அலுவலகத்துக்காரி.

விஷயம் இதுதான். ஜெர்மன் வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று மாதம் ஒரு செய்தி மடல் வரும். காலியிடம், பயிற்சி, உதவித்தொகை எல்லாம் அதில் இருக்கும். அதில் பார்த்து, ஜெர்மனியில் மூன்று வாரப் பயிற்சிக்கு மார்லிஸ் மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து அனுப்பியவள் நான், பள்ளி அலுவலகத்து லோர்னா பெக். இரண்டு முறை இல்லை என்றார்கள். இந்த முறை காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர். இன்று காலை யாரோ பின்வாங்கிவிட்டார்கள்.

இனி விஷயத்தின் சிக்கல்.

எங்கள் பள்ளியில் பாதி நாள் ஆங்கில அறை, பாதி நாள் ஜெர்மன் அறை. ஜெர்மன் அறையின் டீச்சருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியும், ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை தெரியாது. தெரியும் என்று தெரிந்துவிட்டால் ஒரு பிள்ளையும் ஜெர்மனில் வாய் திறக்காது.

மார்லிஸ் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையில் பிறந்தவர். கடையில் ஆங்கிலம் பேசுவது பிள்ளைகள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று பக்கத்து ஊருக்குப் போய்ப் பால் வாங்குகிறவர்.

மூக்கை விட்டுவிட்டு அவர் வெளியே வர முடியாது. நான் பிடிக்கலாம் என்றால், ரத்தத்தைப் பார்த்தால் மூக்குக்கு முன்னால் நான் விழுந்துவிடுவேன்.

“ஃப்ராவ் டோல்மன், இடம் கிடைச்சிருக்கு. போறீங்களா?” என்று கேட்டேன். ஃப்ராவ் என்றால் திருமதி; எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஆங்கிலம்.

அவர் முகம் சிவந்தது. வாய் திறந்தது. இருபத்தாறு ஜோடிக் கண்கள் அந்த வாயைப் பார்த்தன. வாய் மூடிக்கொண்டது.

முன் வரிசையிலிருந்து பிரின்லி எழுந்தாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

“மிஸஸ் பெக், அவங்களுக்கு இங்கிலீஷ் புரியாது. எங்கிட்ட சொல்லுங்க. நான் கேட்டுச் சொல்றேன்.”

வேறு வழி?

நான் சொன்னேன். அவள் ஜெர்மனில் கேட்டாள். மார்லிஸ் தலையை ஆட்டிய வேகத்தில் மூக்குக்காரப் பையனின் தலையும் சேர்ந்து ஆடியது.

“வர்றாங்களாம்” என்றாள் பிரின்லி.

“பாஸ்போர்ட் இருக்கான்னு கேளுங்க” என்றாள் காதுக்குள் இருந்தவள்.

கேட்டோம். மார்லிஸ் நீளமாக ஏதோ சொன்னார்.

“இருக்காம். ஆனா ஏப்ரல் மாசம் அது செத்துப்போயிடுமாம். அதுக்குள்ள வேற வாங்கிடுவாங்களாம்.”

தொலைபேசிக்குள் சிரிப்புச் சத்தம். “யாரும்மா அது? சரி, கடைசிக் கேள்வி. முதல் குழு மே இருபதாம் தேதி கிளம்புது. ரெண்டாவது குழு ஜூலை அஞ்சு. எதுல பேரு எழுதட்டும்?”

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

பிரின்லி கேட்டாள். மார்லிஸ் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

“ரெண்டாவது” என்றாள் பிரின்லி.

மார்லிஸின் புருவம் உயர்ந்தது. வாய் மறுபடி திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “ரெண்டாவது குழு” என்று நான் சொல்லிவிட்டேன். முடிந்தது.

மதியம் அலுவலகத்துக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மார்லிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தார்.

“லோர்னா, நான் முதல் குழுன்னுதான் சொன்னேன். ஜூலைல போனா ஊர்வலத்துல அப்பாவோட டிராக்டரை யாரு ஓட்டறது?”

முன்னோர் இங்கே வந்து குடியேறிய நாளுக்காக அவர் ஊரில் நடக்கும் ஜூலை இருபத்து நான்காம் தேதி ஊர்வலத்தில் ஒன்பது வருடமாக அந்த டிராக்டரை ஓட்டுகிறவர் அவர்தான்.

“அப்பவே மறுத்துச் சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே! போனாப் போகுது, சின்னப் பொண்ணு. இன்னும் எண்ணு சரியா வரலை.”

அவர் போன பிறகு, காலையில் பேசிய பயிற்சி அலுவலகப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். குழுவை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆனது.

பள்ளி விட்டதும், அம்மாவின் காருக்காகக் காத்திருந்த பிரின்லி என் மேசை முன் வந்து நின்றாள்.

“கண்ணு, காலைல டீச்சர் முதல் குழுன்னு சொன்னாங்களாமே? உனக்குத் தப்பாக் கேட்டுதா?”

அவள் யோசிக்கவே இல்லை.

“மே இருபதுன்னா எங்களுக்கு இன்னும் ஸ்கூல் இருக்கு, மிஸஸ் பெக். கடைசி நாள் அன்னிக்கு அவங்க இருக்க மாட்டாங்க.”

“அதுக்காக மாத்திச் சொல்லலாமா?”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாராவது இருக்கிறார்களா என்று வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

“தப்புன்னா அவங்களே அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றாள் ரகசியமாக. “இங்கிலீஷ்லயே.”