ஏழு மணி கிளாஸ்

லீவுக்கு வந்த இடத்துலயும் ஒருத்தி வேலை பார்ப்பாளா? என் தம்பி பொண்டாட்டி பார்ப்பா.

காலையில ஏழு மணிக்கு நீச்சல் குளத்துப் பக்கத்துல ஸ்பீக்கரை அலற விட்டுட்டு, முன்னபின்ன தெரியாத முப்பது பேருக்கு ஆடிக் காட்டறா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடியும். ஊர்லயும் அவ பொழப்பு அதுதான். டான்ஸ் ஆடி உடம்பைக் குறைக்கற கிளாஸ். "இதுக்கெல்லாம் ஒரு டீச்சரா?"ன்னு அவ கல்யாணமாகி வந்த புதுசுலயே கேட்டிருக்கேன். சிரிச்சுட்டுப் போயிட்டா. அந்தச் சிரிப்பை நினைச்சா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

பால்கனியில நின்னு ரெண்டு வேளையும் முழுசாப் பார்த்தேன். கண்டிக்கணும்னா முழுசாப் பார்த்தாத்தானே முடியும்?

இந்த ரிசார்ட் என் தம்பிக்கு ஆபீஸ்ல குடுத்தது. நல்லா வேலை பார்க்கறவங்களுக்குக் குடுப்பாங்களாம். நாலு நாள், ரெண்டு ரூம், மூணு வேளை சாப்பாடு. "அக்கா, நீயும் வரணும்"னு அவன் போன்ல சொன்னப்போ எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மாடி வீட்டுக்காரியிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் பெருமை அடிச்சுட்டுதான் பெட்டியையே கட்டினேன்.

ரெண்டாம் நாள் காலைச் சாப்பாட்டுல அவனைப் பிடிச்சேன்.

"ஏண்டா, உன் ஆபீஸ்காரங்க உன்னை மதிச்சு அனுப்பி வச்சிருக்காங்க. உன் பொண்டாட்டி இப்படி ஊரே பார்க்க ஆடிட்டிருந்தா உன் மரியாதை என்ன ஆகறது?"

தம்பி ரொட்டியில ஜாம் தடவிட்டிருந்தான். தடவின இடத்துலயே திரும்பத் திரும்பத் தடவினான்.

"விடுக்கா. அவளுக்குப் பிடிச்சிருக்கு."

"நல்லா பிடிச்சுது போ. வந்ததிலிருந்து அவ ஒரு தடவையாவது கடல்ல கால் நனைச்சாளா? கேளு."

அவன் கேட்கல. அவளே வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தா. வலது காலைக் கொஞ்சம் சாய்ச்சு சாய்ச்சுதான் நடந்து வந்தா.

"அண்ணி, நல்லாத் தூங்கினீங்களா?"

"எங்க தூங்கறது? உன் பாட்டுதான் எழுப்பி விட்டுடுச்சே!"

"நாளைக்குச் சத்தத்தைக் குறைச்சு வைக்கறேன் அண்ணி."

எதிர்த்துப் பேசினாலாவது சண்டை போடலாம். இவகிட்ட அதுக்கும் வழியில்ல.

மத்தியானம் ரெண்டு பேரும் அசந்து தூங்கிட்டிருந்தாங்க. நான் நேரா மேனேஜர்கிட்ட போனேன்.

"இங்க டான்ஸ் சொல்லித் தராளே, அவ என் தம்பி சம்சாரம். அவளுக்கு முட்டி வலி. இனிமே கிளாஸ் எடுக்க மாட்டா. நான் வந்து சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. நீங்களே நிறுத்தின மாதிரி நிறுத்திடுங்க."

அவர் பதறிப் போயிட்டார்.

"அடடா! ரொம்ப முடியலையா? அப்படின்னா... தப்பா நினைக்காதீங்கம்மா, நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு ரூமையும் காலி பண்ண வேண்டியிருக்குமே."

"எதுக்குக் காலி பண்ணணும்? இது என் தம்பி ஆபீஸ்ல குடுத்த ரூம்!"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஆபீஸ் எதுவும் இல்லீங்களே. டீச்சருங்களுக்கு எங்க ரிசார்ட்ல ஒரு ஏற்பாடு இருக்கு. தினமும் ஏழு மணி கிளாஸ் எடுத்தா ஒரு ரூம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. மேடம்தான், 'கடலைப் பார்த்த மாதிரி இன்னொரு ரூம் குடுங்க, அதுக்குச் சாயங்காலமும் ஒரு கிளாஸ் எடுக்கறேன்'னு கேட்டு வாங்கினாங்க."

கடலைப் பார்த்த ரூம் என்னோடது.

அப்படியே அங்க கிடந்த நாற்காலியில உட்கார்ந்துட்டேன். அவ உழைப்புல ரெண்டு நாளா மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டு, அவளையே வாய்க்கு வாய் குறை சொல்லியிருக்கேன். வெட்கமா இருந்துச்சு.

"அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். நான் சொன்னதை மறந்துடுங்க. முட்டி வலி எனக்குத்தான்"னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைச்சாரோ!

அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அவ கட்டில்ல உட்கார்ந்து முட்டியில தைலம் தேய்ச்சிட்டிருந்தா. தம்பி ரூம்ல இல்ல. கதவைச் சாத்திட்டு நேரா கேட்டேன்.

"ஆபீஸ்ல குடுத்தாங்கன்னு அந்தப் பய எதுக்கு என்கிட்ட பொய் சொன்னான்? பொண்டாட்டி சம்பாதிச்சதுன்னு சொல்ல துரைக்குக் கௌரவம் இடிக்குதா? வரட்டும், நாக்கைப் பிடுங்கற மாதிரி கேட்கறேன்."

தேய்ச்சிட்டிருந்த கை நின்னு போச்சு.

"அவரைத் திட்டாதீங்க அண்ணி. அவர் உண்மையைச் சொல்லிடலாம்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

அவ என் முகத்தைப் பார்க்காம, தைல பாட்டிலை மூடிக்கிட்டே சொன்னா.

"உங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருந்த மூணு வருஷமும், அவர் போனதுக்கு அப்புறமும், நீங்க வீட்டை விட்டு எங்கயுமே போகல. நாலு நாளாவது உங்களை வெளிய கூட்டிட்டு வரணும்னு தோணுச்சு. என் கிளாஸால கிடைச்ச ரூம்னு சொல்லியிருந்தா, நீங்க வந்திருப்பீங்களா அண்ணி?"