தாய்மாமனை ஏற்றப் போன அம்பாசிடர்

"தள்ளுங்கலே! செத்த நேரம் தம் கட்டித் தள்ளுங்க!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்தினார் ஆவுடையப்பன். செல்ஃப் எடுக்காத பழைய அம்பாசிடரை ராஜபாளையம் தெருவில் சொந்தக்காரர்கள் மூச்சிரைக்கத் தள்ளினார்கள். மகள் மாரிச்செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் முகூர்த்தம், நேரம் நெருங்கிவிட்டது.

பட்டாளத்திலிருந்து வரும் ஒவ்வொரு லீவிலும் வீட்டுக் கொல்லையில் அவர் பழுது பார்த்த வண்டி. இந்த முறை லீவு தாமதமாகி, இன்று காலைதான் வந்து இறங்கினார். மிச்ச வேலை மைத்துனன் சுந்தரபாண்டியன் பொறுப்பு. பானட் முழுக்க மனைவி மல்லிகைச் சரம் கட்டியிருந்தாள். திறந்து பார்க்கவா நேரம்?

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.

"யப்பா, பூப்போலல்லா போகுது!" பட்டுச்சேலையோடு குதித்தாள் மாரிச்செல்வி. "மாமாவை எங்க காணோம்? போனும் எடுக்கல."

"லேத்துப் பட்டறையில கெடப்பான். போற வழியில அள்ளிப் போட்டுக்கிடுவோம். தாய்மாமன் இல்லாம ஒனக்கு யாரு மாலை போடுவா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறை வாசலில் வண்டியை அணைக்காமலே இறங்கி உள்ளே ஓடினார்.

"ஏலே சுந்தரபாண்டி! ஜமாய்ச்சிட்டலே!"

கை நிறைய கிரீஸோடு நின்ற சுந்தரபாண்டியன் அழாத குறையாகச் சொன்னான்.

"கோவிச்சுக்கிடாதிய அத்தான். எம்புட்டோ பாத்தேன், முடியல. வேன் புடிச்சா வந்திய?"

வாசலில் வண்டி உறுமுவது இருவருக்கும் கேட்டது. சுந்தரபாண்டியன் மெல்ல விலகினான். அவனுக்குப் பின்னால், மரக்கட்டைகள்மேல், ஆவுடையப்பன் தன் கையால் பூசிய பச்சைப் பெயிண்டோடு, பிஸ்டன்கள் கழற்றிய நிலையில் இருந்தது அம்பாசிடரின் எஞ்சின்.