ஒரு ரவுண்டு போகலாமா?

"டீ ஆறுது சார், குடிச்சிடுங்க," என்றார் படகில் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர்.

பல் டாக்டர் நெகிழ்ந்துபோனார். படகுக்குள் காலை வைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஓர் உபசாரம். "நீங்க குடிக்கலையா?" என்று கேட்டதற்கு, "அது உங்களுக்குத்தானே சார்," என்று கோப்பையை அவர் பக்கமே நகர்த்தினார் மனிதர். டாக்டர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மூன்று வருஷமாக ஒரு பாய்மரப் படகுக்காக அலைந்துகொண்டிருந்தார் டாக்டர். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாலு பேர் படுத்து எழுந்து, ஏதோ சமைத்துச் சாப்பிட்டு, லீவு நாளில் கரையோரமாகப் போய்வரும்படி ஒரு சின்னப் படகு. டாய்லெட் சுத்தமாக இருக்க வேண்டும், தன் அம்மா கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் இன்று மாமியாரும் வந்திருந்தார், கையில் சொந்தத் தலையணையோடு.

விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தபோது, "பத்து மணிக்கு வாங்க, துறையில கடைசி போட், நான் அதுலதான் இருப்பேன்," என்று சொல்லியிருந்தார் விற்பவர். வந்து பார்த்தால் வரிசையாக நாற்பது வெள்ளைப் படகுகள். ஆனால் இந்தக் கோடியில் கடைசிப் படகில் இவர் உட்கார்ந்திருந்தார்.

"போன்ல உங்க குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு," என்றார் டாக்டர்.

"எனக்கும் உங்க குரல் அப்படித்தான் சார் கேட்டுச்சு."

தொப்பிக்காரர் சிரித்தபோது டாக்டரின் கண் பழக்கதோஷத்தில் பற்களுக்குப் போனது. சொத்தை இல்லை, காரை இல்லை. பல்லை இப்படி வைத்திருக்கிற மனுஷன் படகை மோசமாக வைத்திருக்க மாட்டான் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டார்.

மாமியார் கீழே இறங்கிப் படுக்கையில் தலையணையைப் போட்டு, சும்மா பார்க்கிறேன் என்று படுத்தவர், குறட்டை விட ஆரம்பித்தார். மனைவி டாய்லெட்டைத் திறந்து வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, "நம்ம வீட்டைவிடச் சுத்தமா இருக்கு," என்றாள். பதினான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் தேர்ந்தெடுத்த ஒரு பொருளை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

தொப்பிக்காரரும் கூடவே வந்து ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார். தன் படகையே இத்தனை ஆசையாகப் பார்க்கிறாரே, மனசில்லாமல்தான் விற்கிறார் போல, பாவம் என்று டாக்டருக்குத் தோன்றியது.

"ஒரு ரவுண்டு போகலாமா சார்?"

"அதுக்குத்தானே வந்திருக்கோம்."

"அப்ப கயிற்றை அவிழ்க்கட்டுமா?"

என்ன பணிவு என்று வியந்த டாக்டர், மரியாதைக்குத் தானும் ஒரு கை கொடுத்தார். முன் கயிற்றைத் தொப்பிக்காரர் அவிழ்த்தார், பின் கயிற்றை டாக்டர் அவிழ்த்தார். படகு மெல்லத் துறையை விட்டு விலகியது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது போல அது பாட்டுக்குப் போனது.

"எஞ்சின் சத்தமே கேக்கல பாருங்க," என்றார் டாக்டர்.

"நானும் அதைத்தான் கவனிச்சேன் சார். அருமையா பராமரிச்சிருக்கு."

மனைவி காதோடு கேட்டாள். "சுக்கானை யாரும் பிடிக்கலையேங்க?"

"அனுபவசாலிங்க அப்படித்தான். எப்பப் பிடிக்கணுமோ அப்பத்தான் பிடிப்பாங்க."

துறையில் ஓர் ஆள் இடுப்பில் துண்டும் முகத்தில் சோப்பு நுரையுமாக, இரண்டு கைகளையும் ஆட்டியபடி பலகைப் பாலத்தில் ஓடிவந்துகொண்டிருந்தான். மூவரும் அவனுக்குப் பதிலுக்குக் கையாட்டினார்கள். "நல்ல ஜனங்க. குளிக்கிறதை விட்டுட்டு வந்து வழியனுப்பறாங்க," என்றாள் மனைவி.

கரை ஒரு கோடாகச் சுருங்கியபோது டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுக்கு மேல சுத்தி வளைக்க விரும்பல. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாங்க வாங்கிக்கறோம்."

தொப்பிக்காரரின் முகம் மாறியது. "என்ன சார் இது, உங்க போட்டை நீங்களே வாங்கிக்கறீங்களா? அப்புறம் எதுக்கு என்னை வரச்சொன்னீங்க?"

டாக்டர் காலி டீக் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப நீங்க விக்கிறவர் இல்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் வாங்க வந்தவன் சார். பத்து மணிக்கு வரச்சொன்னார். நீங்க குடும்பத்தோட, தலையணையோட வந்தீங்க. உங்களுதுன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"ஓட்டிக் காட்டுவீங்கன்னுதான் வந்தேன்."

படகு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மனைவி கீழே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தொப்பிக்காரர்தான் முதலில் தேறினார். "பயப்படாதீங்க சார். உங்களைப் பார்க்காம ஓனர் எங்கயோ வெளியில போயிருப்பார். எப்படியும் நம்மள்ல ஒருத்தர் வாங்கப்போற போட்தானே, கோவிச்சுக்க மாட்டார். போன் போடுங்க."

டாக்டர் விற்பவரின் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், பதறாதீங்க. நாங்க உங்க போட்லதான் நடுக்கடலுக்குப் போயிட்டிருக்கோம். எப்படித் திருப்பறதுன்னு மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் அந்தக் கரகரத்த குரல் நிதானமாகக் கேட்டது.

"என் போட்லயா? என் போட்ல நான்தானே சார் உக்காந்திருக்கேன்."