சுளிக்காத முகம்

டாக்டரம்மா நீட்டிய படிவத்தில், வயிற்றில் இருப்பது பெண் கரு என்றால் மட்டும் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருந்தது. முகத்தைச் சுளிக்க வைக்கும் தசைகள் வளர வேண்டுமா, வேண்டாமா? ஆண் கருவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

பேச்சிக்கனிக்கு ரத்தம் கொதித்தது. அவள் கருவாக இருந்தபோது அவளுடைய அப்பா 'வேண்டாம்' என்று போட்ட கட்டம் அது. அதனால் எத்தனை கோபம் வந்தாலும் அவள் முகம் அரைச் சிரிப்பாகத்தான் இருக்கும். பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனை அவள் முறைத்தபோது, "பிள்ள சிரிக்குதுல்லா" என்று அவன் இன்னும் நெருங்கி நின்றான். வீட்டிலோ, பாத்திரத்தை உருட்டினால்தான் அவள் கோபம் மற்றவர்களுக்குத் தெரியும்.

கணவன் சுடலைமணி 'வேண்டாம்' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

"அவங்களையும் ஒரு வார்த்த கேக்கணும்லா," என்றாள் டாக்டரம்மா.

"அவ மொகத்தப் பாருங்க மேடம். எவ்வளவு சந்தோசமா இருக்கா. இதுக்கு மேல என்னத்தக் கேக்க?"

டாக்டரம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தாள்.

பேச்சிக்கனி மேசையிலிருந்த எவர்சில்வர் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஊசியும் பஞ்சும் சிதறின. தட்டு தரையில் சுழன்று அடங்கியது. அவள் படிவத்தை நாலாகக் கிழித்துப் புருஷன் மடியில் போட்டாள்.

"எம்மவ பொறந்து மொத மொதல்ல உங்களப் பாத்துத்தான் மூஞ்சியச் சுளிக்கணும்," என்றாள், சிரித்த முகத்தோடு.