எந்த விரல்?

குப்புறப் படுத்திருக்கிறேன். மெத்தையில் முகத்துக்கென்று வெட்டிய ஓட்டை வழியே தரையும் பிசியோதெரபிப் பெண்ணின் வெள்ளைச் செருப்பும்தான் தெரிகின்றன. அவள் முழங்கையால் என் கழுத்தோரம் அழுத்த, எழும் ‘மடக்’ சத்தத்தில் அடுத்த தெருவில் ஜன்னல் சாத்துகிறார்கள். மரத்துப்போன வலது கையில் உணர்வு திரும்பாவிட்டால் ஆபரேஷன். “நான் தொடுறது எந்த விரல்னு சொல்லுங்க ஐயா.” போன வாரம் உட்கார்ந்திருந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தே ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான், உலகத்தின் பரீட்சைகளிலெல்லாம் அதுதான் மகத்தான காப்பி. இன்று வழியில்லை. மின்விசிறி சுற்றுகிறது. தைலம் மணக்கிறது. தரையில் ஒரு கட்டம் வெயில் கிடக்கிறது. வெள்ளைச் செருப்பு அசையவேயில்லை. “சீக்கிரம் தொடும்மா, எனக்குத் தூக்கம் வருது.” பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி மெதுவாகச் சொல்கிறாள்: “தொட்டுக்கிட்டுதாங்க இருக்காங்க.”