பாக்கெட்டிலிருந்து வந்த வாக்குத்தத்தம்

அநியாயம் நடந்தது அன்னம்மாக்காவுக்கு. செய்தவர் எங்கள் சபைச் செயலாளர் ஓஸ்வால்ட். இடம், மர்பி டவுன் தேவாலயம். நாள், 1997 ஜனவரி ஒன்று, காலை ஆராதனை.

புத்தாண்டன்று வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரிசையாக வரும். கண்ணை மூடி ஜெபித்து, ஆளுக்கொரு அட்டை எடுப்போம். அதிலிருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்கு.

நான் எடுத்தேன். அடுத்து அன்னம்மாக்கா. அவர் கை நீட்டுவதற்குள் ஓஸ்வால்ட் தட்டை நகர்த்திவிட்டார். தன் கோட் பாக்கெட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அக்கா அதைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் கேக்குக்குக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டார்.

புருஷன் போன பிறகு, ஆஸ்பத்திரி வார்டு கூட்டிப் பிழைக்கும் அக்கா சபைக்கு வருவதே பெரிய பாடு. "எதுலயும் மனசு ஒட்டல கண்ணு, நின்னுடலாம்னு இருக்கேன்" என்று கிறிஸ்துமஸ் அன்றுதான் சொன்னார். மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாராவாரம் தைரியம் சொல்லி, நான் பிடித்து வைத்திருக்கிற ஆள். விடுவேனா?

"அங்கிள், ஒரு நிமிஷம்."

"ஹேப்பி நியூ இயர், மௌரீன்! கேக் எடுத்துக்கிட்டியா?"

"கேக் இருக்கட்டும். அன்னம்மாக்கா கை பட்டா தட்டு தீட்டாயிடுமா?"

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"மெதுவாம்மா..."

"எதுக்கு மெதுவா? ஆஸ்பத்திரி வார்டு கூட்டுறவங்களுக்கு மட்டும் ஆண்டவர் தனியா உங்க பாக்கெட்ல குடுத்தனுப்பறாரா?"

யாரோ சிரித்தார்கள். ஓஸ்வால்டின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"தப்பாத் தெரிஞ்சிருந்தா மன்னிச்சிக்கோம்மா."

"என்கிட்ட எதுக்கு? அவங்ககிட்ட கேளுங்க."

"சரிம்மா. கேக்கறேன்."

அவ்வளவுதான்! லா காலேஜ் வாதப் போட்டியில்கூட நான் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை.

கேக் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அக்கா கேட் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"விசுவாசத்துல தளர்ந்துடாதீங்கக்கா. மனுஷங்க அப்படித்தான். அவரை எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்..."

"உஷ்! இரு கண்ணு."

அட்டை மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தார். "ப... ய... ப்... ப... டா... தே."

எட்டிப் பார்த்தேன். அச்சடித்த அட்டை இல்லை. கையால், பெரிது பெரிதாக எழுதியது. அத்தனையும் கன்னட எழுத்து. ஆனால் அவர் வாயில் வந்தது தமிழ்.

"அக்கா, உங்களுக்குத் தமிழ் படிக்க..."

"வராது கண்ணு. நான் நாலாவது வரைக்கும் கன்னட இஸ்கூல். போன மாசம் பஸ் ஸ்டாப்புல செக்ரட்டரி ஐயா கண்ணாடி எடுத்துட்டு வரல. நான்தான் பஸ்ஸோட கன்னட போர்டைப் படிச்சிச் சொன்னேன். 'அப்போ கோயில்ல ஏம்மா பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழா புடிச்சிருக்கே?'ன்னாரு. சொல்லிட்டேன். யாருக்கும் தெரிய வேணாம்னும் கேட்டுக்கிட்டேன்."

எனக்குக் காது சூடானது.

"ஆனா, தட்டுல எடுக்க விடலையே?"

"முந்தாநேத்தே வீட்டுக்குத் தட்டை எடுத்தாந்தாரே! கண்ணை மூடி நான்தான் எடுத்தேன். அதைத்தான் இப்படி எழுதியாந்திருக்காரு." தன் பைபிளைத் திறந்து காட்டினார். உள்ளே கத்தையாகப் பழைய வாக்குத்தத்த அட்டைகள். "பதினாறு வருஷத்துது. ஒண்ணுலயும் என்ன இருக்குன்னு தெரியாது. இதெல்லாத்தையும் இப்படியே எழுதித் தரேன்னிருக்காரு. நின்னுட்டா எப்படி? வாங்கிக்கணும்ல?"

காபிக் கூட்டத்தின் நடுவே தனியாக நின்ற ஓஸ்வால்டைத் திரும்பிப் பார்த்தேன். வாதாட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"மூணு வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேனேக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அன்னம்மாக்கா கேக்கை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"கேக்கலாம்னு எத்தனையோ வாட்டி வாயைத் தொறந்தேன் கண்ணு. நீதான் நிறுத்தாம எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தியே!"